விஎம்முக்குள் மணி என்ன? மெய்நிகர் இயந்திரத்தின் நேரத்தைச் சரியாக வைக்கும் வழி

விஎம்மில் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் மெய்நிகர் இயந்திரம்) மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்க 'ஏபிடி அப்டேட்' கொடுத்தால், களஞ்சியக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, 2 மணி 3 நிமிடம் பொறு என்று மறுக்கிறது. ஆதென்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணைப் பிழையில்லாமல்தான் அடிக்கிறீர்கள், சர்வர் ஏற்கவில்லை. நிரல்களைத் தொகுக்கும் 'மேக்' கட்டளை ஓடும்போது கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது. விண்டோஸ் டொமைனில் லாகின் ஆகவில்லை. நான்கும் வெவ்வேறு கோளாறுகள் போலத் தெரியும். ஆனால் நான்கிலும் முதலில் பார்க்க வேண்டியது கெஸ்டின், அதாவது விஎம்முக்குள் ஓடும் இயங்குதளத்தின், கடிகாரத்தைத்தான். ஆறு இலக்க எண் 30 நொடிக்கு ஒருமுறை மாறும். டொமைன் லாகினுக்குப் பின்னால் இருக்கும் கெர்பரோஸ், வழக்கமான அமைப்பில் 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும்.

இந்த வழிகாட்டி லினக்ஸ் ஹோஸ்டில் (விஎம்மைத் தாங்கும் கணினி) கேவிஎம் (லினக்ஸின் ஹைப்பர்வைசர், அதாவது விஎம்களை ஓட்டும் மென்பொருள்), அதன்மேல் உபுண்டு அல்லது டெபியன் கெஸ்ட் என்ற அமைப்பை வைத்துப் போகிறது. விஎம்வேர், விர்ச்சுவல்பாக்ஸ், ஹைப்பர்-வி பயன்படுத்துவோருக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். கட்டளைகள் உச்சரிப்புப்படி தமிழில் இருக்கின்றன. டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கணினிக்குள் இருக்கும் கடிகாரங்கள்

மதர்போர்டில் சின்ன பேட்டரியை நம்பி ஓடுவது ஆர்டிசி. கணினி அணைந்திருந்தாலும் தேதியையும் மணியையும் அதுதான் காக்கிறது. இயங்குதளம் பூட் ஆகும்போது ஆர்டிசியை ஒருமுறை பார்த்துக்கொள்ளும். அதன்பிறகு தன் சொந்தக் கணக்கில் நேரத்தை ஓட்டும்.

அந்தக் கணக்குக்கு உதவ வேறு வன்பொருள்கள் உண்டு. பழமையானது பிஐடி. நொடிக்கு 11,93,182 துடிப்புகளை எண்ணி, குறித்த இடைவெளியில் சிபியுவைத் தட்டி எழுப்பும். அந்தத் தட்டலுக்குப் பெயர் டிக். அடுத்து ஏசிபிஐ டைமர், 3.579545 மெகாஹெர்ட்ஸ். பிறகு ஹெச்பெட், குறைந்தது 10 மெகாஹெர்ட்ஸ். கடைசியாக டிஎஸ்சி. இது சிபியுவுக்குள்ளேயே இருக்கும் எண்ணி. படிக்க ஒரே ஒரு கட்டளை போதும், வெளியே எங்கும் போக வேண்டாம். இன்றைய சிபியுக்களில் சிபியுவின் வேகம் ஏறி இறங்கினாலும் டிஎஸ்சி ஒரே வேகத்தில் ஓடும்.

எல்லாமே குவார்ட்ஸ் படிகங்களை நம்பியவை, துளி துளியாகப் பிசகும். பிசகை பிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1 பிபிஎம் என்றால் ஒரு நாளைக்கு 0.0864 நொடி. 20 பிபிஎம் பிசகும் படிகம் நாளொன்றுக்கு 1.7 நொடி தவறும். இது நிஜக் கணினிக்கே உள்ள நோய், நெட்வொர்க் வழியாகச் சரியான நேரம் தரும் என்டிபி இதைக் குணமாக்கிவிடும். விஎம்முக்கு வரும் நோயின் தன்மை வேறு.

விஎம்மில் ஏன் பிசகுகிறது

நிஜக் கணினியின் சிபியு எப்போதும் அங்கேயே இருக்கிறது. விஎம்மின் சிபியுவோ ஹோஸ்டில் மற்ற வேலைகளோடு முறை வைத்து ஓடும் ஒரு த்ரெட் மட்டுமே. ஹோஸ்டுக்கு வேறு வேலை வந்தால் அந்த த்ரெட்டை ஓரமாக நிறுத்திவிடும். தான் நிறுத்தப்பட்டது கெஸ்டுக்குத் தெரியாது. இரண்டு கட்டளைகளுக்கு நடுவே 30 மில்லிநொடி காணாமல் போயிருக்கும், கெஸ்டின் பார்வையில் எதுவுமே நடந்திருக்காது.

டிக்குகளை எண்ணி நேரம் பார்த்த காலத்தில் இது பெரிய தலைவலி. ஒரு கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நொடிக்கு 1000 டிக் கேட்கிறது என்று வையுங்கள். 30 மில்லிநொடி நிறுத்தத்தில் 30 டிக்குகள் சேர வேண்டும். காத்திருக்கும் குறுக்கீடாக ஒன்றுதான் நிற்க முடியும் என்றால் மற்ற 29 தொலைந்தன. நிமிடத்துக்கு 20 முறை இப்படி நடந்தால் 580 மில்லிநொடி போச்சு. ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 35 நொடி பின்தங்கும். இதைச் சமாளிக்க, தவறிய டிக்குகளைப் பின்னால் வேகவேகமாகக் கொடுத்து ஈடுகட்டும் உத்தியை ஹைப்பர்வைசர்கள் கையாண்டன. அந்த நேரம் பார்த்து கெஸ்ட் கர்னலும் தானே ஈடுகட்ட முயன்றால் கடிகாரம் முன்னோக்கி ஓடும்.

இன்றைய லினக்ஸ் டிக்குகளை எண்ணுவதில்லை. நேரம் வேண்டும்போது ஓர் எண்ணியைப் படித்துக் கணக்குப் போடுகிறது. அதனால் 'கிளாக்=பிட்', 'டிவைடர்=10', 'நோடிஎஸ்சி' போன்ற பூட் அளவுருக்களைச் சேர்க்கச் சொல்லும் பழைய குறிப்புகளை இன்று பின்பற்றாதீர்கள். அவை வேறு காலத்துக் கர்னல்களுக்கு எழுதப்பட்டவை. இப்போது அவற்றால் கெடுதல்தான்.

ஹைப்பர்வைசர் எழுதி வைக்கும் சீட்டு

கேவிஎம் இந்தச் சிக்கலை அவிழ்க்கும் விதம் அழகானது. கெஸ்ட் தன் நினைவகத்தில் ஒரு சின்ன இடத்தை ஒதுக்கி, "நேரத்தை இங்கே எழுது" என்று ஹைப்பர்வைசருக்குச் சொல்லிவிடும். இதன் பெயர் கேவிஎம்-கிளாக். ஹைப்பர்வைசர் அந்த இடத்தில் எழுதும் விவரங்களில் முக்கியமானவை நான்கு: இந்தக் குறிப்பை எழுதியபோது டிஎஸ்சி எண்ணி என்ன காட்டியது, அப்போது நேரம் எத்தனை நானோநொடி, டிஎஸ்சி துடிப்புகளை நானோநொடியாக மாற்ற எதால் பெருக்க வேண்டும், பதிப்பு எண் என்ன.

கெஸ்டுக்கு நேரம் வேண்டுமென்றால் டிஎஸ்சியை இப்போது படிக்கும், குறிப்பில் உள்ள பழைய எண்ணைக் கழிக்கும், பெருக்கும், குறிப்பில் உள்ள நேரத்தோடு கூட்டும். முடிந்தது. நடுவில் ஹோஸ்ட் அந்த த்ரெட்டை எத்தனை முறை ஓரமாக நிறுத்தியிருந்தாலும் டிஎஸ்சி ஓடிக்கொண்டே இருந்ததால் விடை சரியாக வரும்.

பதிப்பு எண் எதற்கு? கெஸ்ட் படித்துக்கொண்டிருக்கும்போதே ஹைப்பர்வைசர் குறிப்பைத் திருத்தினால் பாதி பழையது, பாதி புதியது என்று கலந்துவிடும். அதனால் திருத்தும்போது எண்ணை ஒற்றைப்படையாக்கி, முடித்ததும் இரட்டைப்படையாக்கும். கெஸ்ட் படிப்பதற்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைப் பார்க்கும். ஒற்றைப்படையாக இருந்தாலோ, இரண்டு முறையும் வேறு வேறாக இருந்தாலோ மறுபடி படிக்கும். பூட்டும் வேண்டாம், ஹைப்பர்வைசரை எழுப்பவும் வேண்டாம். ஸென் என்ற ஹைப்பர்வைசரும் இதே அமைப்பைத்தான் பயன்படுத்துகிறது. ஹைப்பர்-வியிலும் இதே கருத்தில் ஒரு பக்கம் உண்டு, அங்கே அலகு 100 நானோநொடி.

ஹெச்பெட், ஏசிபிஐ டைமர் வழியாக நேரம் பார்த்தால் இந்த வசதி கிடைக்காது. அவற்றை மென்பொருளால் நடிக்க வைத்திருப்பதால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் விஎம் நின்று, ஹைப்பர்வைசருக்குள் போய்த் திரும்ப வேண்டும். சில பத்து நானோநொடியில் முடிய வேண்டியது மைக்ரோநொடிக் கணக்கில் இழுக்கும். நொடிக்கு லட்சம் முறை நேரம் கேட்கும் டேட்டாபேஸ் இதில் மூச்சுத் திணறிவிடும்.

இனி செய்ய வேண்டியவை.

படி 1: ஹோஸ்டைச் சரிசெய்யுங்கள்

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஹோஸ்டில், என்டிபி வழியாகக் கடிகாரத்தைத் திருத்தும் குரோனியை நிறுவி, 'குரோனிசி டிராக்கிங்' கொடுங்கள். 'லீப் ஸ்டேட்டஸ்' எதிரே 'நார்மல்' இருக்க வேண்டும். 'சிஸ்டம் டைம்' வரியில் வித்தியாசம் சில மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும். 'ஃப்ரீக்வென்சி' வரி உங்கள் படிகம் எத்தனை பிபிஎம் பிசகுகிறது என்று சொல்லும். இரட்டை இலக்கம் இயல்பு. நூற்றுக்கணக்கில் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

'குரோனிசி சோர்சஸ்' கொடுத்தால் ஒரு சர்வருக்கு முன்னால் நட்சத்திரக் குறி வர வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் கேள்விக்குறியே இருந்தால் பெரும்பாலும் ஃபயர்வால் யுடிபி 123-ஐத் தடுக்கிறது.

இந்தியாவில் சர்வர் நடத்துவோருக்கு ஒரு கூடுதல் விஷயம். 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் (இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் என்டிபி சர்வர்களோடு, அல்லது அவற்றிலிருந்து நேரம் பெறும் சர்வர்களோடு தங்கள் கடிகாரங்களை இணைக்கச் சொல்கிறது. என்ஐசி தருபவை சமய்1.நிக்.இன், சமய்2.நிக்.இன். புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் (என்பிஎல்) தருவது டைம்.என்பிஎல்இந்தியா.ஆர்க்.

படி 2: கெஸ்ட் எந்த எண்ணியை நம்புகிறது என்று பாருங்கள்

கெஸ்டுக்குள் இந்தக் கோப்பைப் படியுங்கள்:

கேட் /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/கிளாக்சோர்ஸ்/கிளாக்சோர்ஸ்0/கரன்ட்_கிளாக்சோர்ஸ்

'கேவிஎம்-கிளாக்' அல்லது 'டிஎஸ்சி' வந்தால் நல்லது, கை வைக்க வேண்டாம். 'ஹெச்பெட்' அல்லது 'ஏசிபிஐ_பிஎம்' வந்தால் காரணத்தைத் தேடுங்கள். 'டிமெஸ்க்' வெளியீட்டில் 'கிளாக்சோர்ஸ்' என்ற சொல்லைத் தேடினால், டிஎஸ்சி நிலையற்றது என்று கர்னல் ஒதுக்கிய செய்தி கிடைக்கலாம். கர்னலுக்குள் ஒரு காவலாளி உண்டு. அரை நொடிக்கு ஒருமுறை டிஎஸ்சியை இன்னொரு எண்ணியோடு ஒப்பிடும், ஒத்துவராவிட்டால் தள்ளிவைக்கும். நெரிசலான ஹோஸ்டில் நல்ல டிஎஸ்சியைக்கூட அது தவறாகத் தள்ளிவைப்பதுண்டு, ஏனென்றால் ஒப்பிடும் நொடியிலேயே விஎம் நிறுத்தப்பட்டிருக்கலாம். 'டாப்' கட்டளையில் 'எஸ்டி' என்ற எண்ணைப் பாருங்கள். ஹோஸ்ட் பறித்துக்கொண்ட சிபியு நேரம் அது. தொடர்ந்து இரட்டை இலக்கத்தில் இருந்தால் நோய் ஹோஸ்டில் இருக்கிறது. விஎம்களைக் குறைத்தால்தான் தீரும்.

படி 3: ஒரு கடிகாரத்துக்கு ஒரே எஜமான்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரே கெஸ்டின் கடிகாரத்தை இரண்டு பேர் திருத்துவதுதான் புதியவர்கள் அதிகம் மாட்டும் இடம். குரோனி ஒருபக்கம் மெதுவாக இழுத்துக்கொண்டிருக்கும். கெஸ்டுக்குள் நிறுவியிருக்கும் விஎம்வேர் டூல்ஸ் வந்து ஒரே தட்டில் மாற்றும். தன் கணக்கு பொய்த்ததாக நினைத்து குரோனி மறுபக்கம் இழுக்கும். கடிகாரம் ஊஞ்சல் ஆடும்.

லினக்ஸ் கெஸ்டில், நேரத்தைத் திருத்தும் மற்ற சேவைகளான 'சிஸ்டம்டி-டைம்சிங்க்டி'யும் 'என்டிபிடி'யும் குரோனியோடு சேர்ந்து ஓடக்கூடாது. உபுண்டுவிலும் டெபியனிலும் குரோனியை நிறுவினால் முதலாவது தானாக நீங்கிவிடும். மற்ற இடங்களில் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கொடுத்து உறுதி செய்யுங்கள்.

விஎம்வேரில் 'விஎம்வேர்-டூல்பாக்ஸ்-சிஎம்டி டைம்சிங்க் ஸ்டேட்டஸ்' என்று கேளுங்கள். 'டிசேபிள்டு' என்று வர வேண்டும். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அப்படி வந்தாலும் ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பு சேமித்த நிலைக்கு, திரும்பும்போதும், விஎம்மை இன்னொரு ஹோஸ்டுக்கு நகர்த்தும்போதும் டூல்ஸ் ஒருமுறை ஹோஸ்ட் நேரத்தை கெஸ்டுக்குள் திணிக்கும். ஹோஸ்டின் மணி தவறாக இருந்தால், நன்றாக ஓடிய கெஸ்ட் நகர்ந்த நொடியில் கெட்டுப்போகும். படி 1-ஐ முதலில் வைத்ததற்கு இதுவும் காரணம்.

விர்ச்சுவல்பாக்ஸில் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருள் 10 நொடிக்கு ஒருமுறை பார்த்துத் திருத்தும். வித்தியாசம் 20 நிமிடத்தைத் தாண்டினால் இழுக்காமல் நேராக மாற்றிவிடும். லேப்டாப்பில் பயிற்சிக்கு வைத்திருக்கும் விஎம்முக்கு இதுவே போதும், குரோனி தேவையில்லை. ஹைப்பர்-வியில் டொமைன் கன்ட்ரோலர் (டொமைன் லாகினைக் கவனிக்கும் சர்வர்) ஓடினால், டொமைனின் நேர வரிசைக்குக் குறுக்கே 'டைம் சிங்க்ரனைசேஷன்' சேவை வராதபடி அதை நிறுத்திவையுங்கள்.

படி 4: கெஸ்டில் குரோனியை அமையுங்கள்

கேவிஎம் கெஸ்டுக்கு நெட்வொர்க் வழியாக நேரம் கேட்பதைவிட நல்ல வழி இருக்கிறது. 'பிடிபி_கேவிஎம்' என்ற மாட்யூலை ஏற்றினால் ஹோஸ்டின் கடிகாரம் கெஸ்டுக்குள் ஒரு சாதனமாகத் தெரியும். இதற்கு ஹோஸ்ட் டிஎஸ்சியைக் கிளாக்சோர்ஸாக வைத்திருக்க வேண்டும். 'மோட்ப்ரோப் பிடிபி_கேவிஎம்' கொடுத்தபின் '/டெவ்/பிடிபி0' வந்ததா என்று பாருங்கள். பூட் ஆகும்போதெல்லாம் ஏற, '/எட்சி/மாட்யூல்ஸ்-லோட்.டி' கோப்புறையில் மாட்யூல் பெயரை மட்டும் எழுதி ஒரு கோப்பு வையுங்கள். பிறகு '/எட்சி/குரோனி/குரோனி.கான்ஃப்' கோப்பில் (ரெட்ஹேட் வகைகளில் 'குரோனி' கோப்புறை இருக்காது, கோப்பு நேராக '/எட்சி'யில் இருக்கும்) பழைய 'பூல்' வரிகளுக்கு முன்னால் # போட்டுவிட்டு இவை இருக்கும்படி செய்யுங்கள்:

ரெஃப்கிளாக் பிஹெச்சி /டெவ்/பிடிபி0 போல் 2
மேக்ஸ்டெப் 1.0 -1
ஆர்டிசிசிங்க்

'போல் 2' என்றால் 2-ன் அடுக்கு 2, அதாவது 4 நொடிக்கு ஒருமுறை.

இரண்டாவது வரி கொஞ்சம் விளக்கம் கேட்கிறது. கடிகாரத்தைத் திருத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேகத்தைச் சிறிது கூட்டிக் குறைத்து மெதுவாகச் சேர்ப்பது. மற்றது, ஒரே தாவலில் மாற்றுவது. மெதுவான வழியில் பழைய என்டிபிடியின் உச்ச வேகம் 500 பிபிஎம். அந்த வேகத்தில் 1 நொடியைச் சரிசெய்ய 2000 நொடி ஆகும். 10 நிமிடப் பின்னடைவுக்குக் கிட்டத்தட்ட 14 நாள். குரோனி இதைவிடப் பல மடங்கு வேகமாக இழுக்கும் என்றாலும், நிறுத்தி எழுப்பப்படும் விஎம்முக்குத் தாவல்தான் பொருத்தம். பல விநியோகங்களில் முன்னிருப்பாக 'மேக்ஸ்டெப் 1 3' இருக்கும். தொடங்கியபின் முதல் மூன்று திருத்தங்களில் மட்டும், வித்தியாசம் 1 நொடிக்கு மேல் இருந்தால் தாவு என்று பொருள். '-1' என்றால் எப்போது வேண்டுமானாலும் தாவலாம்.

டேட்டாபேஸ் ஓடும் விஎம்மில் '-1' போடாதீர்கள். நேரம் திடீரெனப் பின்னோக்கிப் போனால் பரிவர்த்தனைகளின் வரிசை குழம்பும். அங்கே 3-ஐ விட்டுவையுங்கள், அந்த விஎம்மை இடைநிறுத்தும் பழக்கத்தையும் விடுங்கள்.

கிளவுடில் இருப்பவர்கள் அந்தந்த நிறுவனம் தரும் மூலத்தையே பயன்படுத்துங்கள். அமேசானில் 169.254.169.123, கூகுளில் மெட்டாடேட்டா சர்வர். இவற்றோடு வெளியே உள்ள என்டிபி சர்வர்களைக் கலக்காதீர்கள். லீப் நொடி (பூமியின் சுழற்சியோடு ஒத்துவர உலக நேரத்தில் எப்போதாவது சேர்க்கும் ஒரு நொடி) வந்தால் இந்த இரண்டும் அதை 24 மணி நேரத்துக்குப் பரப்பிக் கரைக்கும், மற்றவை ஒரே நொடியில் சேர்க்கும். அன்று இருதரப்புக்கும் அரை நொடி வரை வித்தியாசம் வரும். கடைசியாக லீப் நொடி வந்தது 2016 டிசம்பர் 31 முடிவில், இந்திய நேரப்படி 2017 ஜனவரி 1 காலை 5:30-க்குச் சற்று முன்.

படி 5: சரியாக ஐந்தரை மணி நேரம் தவறினால்

வித்தியாசம் துல்லியமாக 5 மணி 30 நிமிடம், அதாவது 19,800 நொடி என்றால் கடிகாரத்தில் பிழையே இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்போருக்கு இந்த எண்தான் அடையாளம். ஆர்டிசியில் இருப்பது யுடிசி (உலகப் பொது நேரம்) என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும்.

கேவிஎம் விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் 'வர்ஷ் எடிட்' கொடுத்து 'கிளாக்' வரியைப் பாருங்கள். லினக்ஸ் கெஸ்டுக்கு 'ஆஃப்செட்' மதிப்பு 'யுடிசி', விண்டோஸ் கெஸ்டுக்கு 'லோக்கல்டைம்'. ஹோஸ்டே யுடிசி மண்டலத்தில் ஓடுகிறது என்றால், சர்வர்களில் இதுதான் வழக்கம், 'லோக்கல்டைம்' பலிக்காது. விண்டோஸ் கெஸ்ட் ஐந்தரை மணி பின்தங்கியே நிற்கும். அப்போது 'ஆஃப்செட்' மதிப்பை 'டைம்ஸோன்' என்று மாற்றி, மண்டலத்தை 'ஏசியா/கொல்கத்தா' அல்லது 'ஏசியா/கொழும்பு' என்று எழுதுங்கள். லினக்ஸ் கெஸ்டில் 'டைம்டேட்சிடிஎல்' கொடுத்தால் 'ஆர்டிசி இன் லோக்கல் டிஸி' எதிரே 'நோ' இருக்க வேண்டும்.

படி 6: நிறுத்தி எழுப்பியபின்

விஎம்மை இடைநிறுத்தினாலும், வட்டில் சேமித்து மறுபடி எழுப்பினாலும், நினைவகத்தோடு எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினாலும், விட்ட இடத்திலிருந்தே கெஸ்டின் கடிகாரம் தொடரும். நேற்று இரவு 9-க்கு எடுத்த ஸ்னாப்ஷாட் இன்று காலையிலும் இரவு 9 என்றே எழும்.

ஹோஸ்டிலிருந்து சரிசெய்ய, கெஸ்டில் 'கியுஇஎம்யு-கெஸ்ட்-ஏஜென்ட்' நிறுவியிருந்தால் 'வர்ஷ் டோம்டைம்', விஎம் பெயர், '--சிங்க்' போதும். கெஸ்ட் தன் ஆர்டிசியைப் படித்துக்கொள்ளும். மெய்நிகர் ஆர்டிசி வழக்கமாக ஹோஸ்டோடு ஓடுவதால் அது சரியாகவே இருக்கும். விண்டோஸ் லேப்டாப் தூங்கி எழுந்தபின் டபிள்யுஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) பின்தங்கினாலும் இதே தத்துவம்தான் கைகொடுக்கும். உள்ளே 'சுடோ ஹெச்டபிள்யுகிளாக் -எஸ்' கொடுங்கள்.

குரோனி நெட்வொர்க் சர்வர்களை நம்பி ஓடும் கெஸ்டில் 'குரோனிசி மேக்ஸ்டெப்' மட்டும் கொடுத்தால் சில சமயம் எதுவும் நடக்காது. அது கடைசியாக அளந்த வித்தியாசத்தைத்தான் திருத்தும். நிறுத்தத்துக்குப் பிறகு புதிதாக அளக்கவே இல்லையென்றால் அதன் கணக்கில் பிழை எதுவும் இல்லை. முதலில் 'குரோனிசி பர்ஸ்ட் 4/4', ஒரு பத்துப் பதினைந்து நொடி பொறுத்து 'குரோனிசி மேக்ஸ்டெப்'.

படி 7: வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

பரிசோதனைக்கென ஒரு விஎம்மை எடுத்துக்கொண்டு, ஹோஸ்டில் 'வர்ஷ் சஸ்பெண்ட்' கொடுங்கள். 120 நொடி கழித்து 'வர்ஷ் ரெஸ்யூம்'. உடனே கெஸ்டிலும் ஹோஸ்டிலும் 'டேட்' கொடுத்து ஒப்பிடுங்கள். கேவிஎம்-கிளாக்கை நம்பும் கெஸ்ட் சுமார் 120 நொடி பின்தங்கியிருக்கும். இனி கெஸ்டில் 'வாட்ச் குரோனிசி டிராக்கிங்' ஓடவிட்டு, 'சிஸ்டம் டைம்' வரியில் வித்தியாசம் பெரிதாகத் தோன்றுவதையும் பூஜ்யத்துக்கு அருகே விழுவதையும் கவனியுங்கள். பிடிபி சாதனமும் 'மேக்ஸ்டெப் 1.0 -1'-உம் இருக்கும் கெஸ்டில் இது விரைவில் நடக்கும். நெட்வொர்க் என்டிபி மட்டும் இருந்தால் அடுத்த அளவீடு வரை காத்திருக்க வேண்டும். குரோனி நிலைகொண்டபின் அந்த இடைவெளி 1024 நொடி வரை, அதாவது 17 நிமிடம் வரை போகும். உங்கள் அமைப்பில் எத்தனை நொடி ஆனது என்று குறித்து வையுங்கள். உண்மையான சர்வர் ஒன்று நின்று எழும்போது, எத்தனை நேரத்துக்கு அதன் லாக் பதிவுகளில் உள்ள மணியை நம்பக்கூடாது என்பது அந்த எண்தான்.